ஒரே ஹீரோவை ஆடுபவர்களுக்கு: அறிகுறியை வைத்துக் குறையைக் கண்டுபிடிக்கும் வழி

கீழக்கரையில் நான் நடத்தும் கணினி விளையாட்டு நிலையத்துக்கு வரும் தம்பிமாரில் பலர் ஒரே பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு ஆடுபவர்கள். டோட்டா 2 என்றால் ஹஸ்கர் மட்டும், வேலரண்ட் என்றால் ஜெட் மட்டும், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்றால் கென் மட்டும். தொடர்ந்து தோற்கும்போது அவர்கள் கேட்பதும் ஒரே கேள்விதான்: "காக்கா (அண்ணா), இந்த ஹீரோ இனி ஆகாது. மாற்றிவிடட்டுமா?"

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். ஹீரோவை மாற்றுவதுதான் இருப்பதிலேயே செலவு அதிகமான பழுதுபார்ப்பு. மாதக்கணக்கில் விரலில் ஏறிய பழக்கம் முழுவதையும் தூக்கிப் போட்டுவிட்டு அடியிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு முன் கம்பி, கருவி, கை, கண் என்று பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. பெரும்பாலான குறைகள் அங்கேயே பிடிபட்டுவிடும்.

உங்களுக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவாகாத காரணம் முதலிலும் செலவு வைக்கும் காரணம் பின்னாலும் இருக்கும்.

அறிகுறி 1: ஹீரோவின் திறனுக்கான சாவியை அழுத்தினால் தாமதமாக வருகிறது, ஹீரோ கனமாக நகர்கிறான்

நாளுக்கொரு ஹீரோவை மாற்றி ஆடுபவனுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஒரே ஹீரோவை ஆடுபவனின் விரல் நேரத்தை மனப்பாடம் செய்து வைத்திருப்பதால் சிறு தாமதமும் உடனே உறுத்தும். அந்த உறுத்தலை நம்புங்கள். விளையாட்டு விநாடிக்கு 60 பிரேம், அதாவது திரையில் 60 படம், ஓடினால் ஒரு பிரேமுக்கு 16.7 மில்லி விநாடி. 50 மில்லி விநாடி தாமதம் என்றால் மூன்று பிரேம் போய்விட்டது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் வேகமான அடி நான்கு பிரேமில் விழும். இணைப்பு சரியில்லாதபோது எதிரியின் அடி தொடக்கமே கண்ணில் படாமல் பாதியிலிருந்து முளைப்பது இதனால்தான்.

*இரவில் மட்டும் வருகிறதா?*

ஆம் என்றால் முதலில் வீட்டுக்குள் பாருங்கள். நம் ஊரில் வளைகுடா நாடுகளிலிருந்து வீடியோ அழைப்பு வரும் நேரமும் ரேங்க் ஆட்டம் (தரவரிசைக்கான ஆட்டம்) ஆடும் நேரமும் ஒன்றாகவே இருக்கின்றன. உம்மாவும் லாத்தாவும் (அக்கா) வாப்பாவுடன் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போது வீட்டு இணைப்பின் மேலேற்றும் (அப்லோட்) பாதை நிறைந்துவிடும். உங்கள் கட்டளையும் அதே பாதையில்தான் போக வேண்டும். விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடித்து வந்து ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்கள். அப்போது சரியாக இருந்தால் ஹீரோ மீதும் கணினி மீதும் குறை இல்லை. உங்கள் கணினிக்கு முன்னுரிமை கொடுக்கும் அமைப்பு பல ரவுட்டர்களில் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ரேங்க் ஆட்டத்தை அழைப்பு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வாப்பாவின் அழைப்பைத் துண்டிக்கச் சொல்லும் பேச்சு என் நிலையத்தில் எடுபடாது.

*எப்போதுமே வருகிறதா?*

பிராந்தியத்தைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மடிக்கணினிகளில் நான் அடிக்கடி காணும் குறை இது. டோட்டா 2-இல் துபாய் சர்வர் தேர்வாகியிருக்கும். அமைப்புகளுக்குள் போய் இந்தியாவுக்கு மாற்றினால் வேலை முடிந்தது. வேலரண்டில் அது இவ்வளவு எளிதல்ல. அங்கே பிராந்தியம் கணக்கோடு ஒட்டியது. வளைகுடாவில் இருந்தபோது தொடங்கிய கணக்கு என்றால் மும்பை சர்வர் பட்டியலிலேயே வராது. விளையாட்டு நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் பிராந்திய மாற்றம் கேட்க வேண்டும்.

பிராந்தியம் சரியாக இருந்தால் வைஃபையை விட்டுவிட்டுக் கம்பியில் ஆடுங்கள். கம்பியிலும் தாமதம் இருந்தால் லேன் கம்பியின் நுனியில் இருக்கும் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எட்டுத் தகடுகளும் பொன்னிறத்தில் மின்ன வேண்டும். கடலை ஒட்டிய வீடுகளில் அவற்றில் ஒன்றிரண்டு பச்சை பூத்திருக்கும். மலிவான பிளக்குகளில் பூச்சு மெல்லியது. உப்புக் காற்று அதைத் தின்றுவிட்டு உள்ளே இருக்கும் செம்பைப் பிடித்துவிடுகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் சன்னலோரம் ரவுட்டர் வைத்திருக்கும் வீடுகளில் இது சீக்கிரமே நடக்கும். அந்தப் பச்சையைச் சுரண்டாதீர்கள், சுரண்டினால் மிச்சப் பூச்சும் போய்விடும். நுனியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய பிளக் பொருத்துங்கள், அல்லது கம்பியையே மாற்றுங்கள். கண்காணிப்புக் கேமரா பொருத்துபவர்கள் எல்லோரிடமும் பிளக் அழுத்தும் கருவி இருக்கும்.

அடுத்து, கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ரவுட்டரின் முகவரிக்கு பிங் கொடுங்கள், அதாவது ஒரு செய்தி போய்த் திரும்ப எத்தனை நேரமாகிறது என்று பாருங்கள். பல வீடுகளில் அது 192.168.1.1 ஆக இருக்கும். கம்பியில் ஒரு மில்லி விநாடி, மிஞ்சினால் இரண்டுதான் வர வேண்டும். அதற்கு மேல் துள்ளினாலோ இடையிடையே பதில் வராமல் போனாலோ குறை வீட்டுக்குள் இருக்கிறது. அது சீராக இருந்தும் விளையாட்டில் மட்டும் பிங் ஏறினால் குறை வெளியே இருக்கிறது.

*சில திறன்கள் மட்டும் வருவதில்லையா?*

நோட்பேடைத் திறந்து அந்தச் சாவியை ஐம்பது முறை தட்டுங்கள். ஐம்பது எழுத்து விழ வேண்டும். குறைந்தால் சாவிக்கு அடியில் ஈரமும் உப்பும் சேர்ந்திருக்கும். கூடினால் தொடுமுனை தேய்ந்திருக்கும். மவுஸ் ஒரு அழுத்தலுக்கு இரண்டாகப் பதிவு செய்வதும் இதே வகைதான். ஒரே ஹீரோவை ஆடுபவர்கள் இரண்டு மூன்று சாவிகளையே தேய்க்கிறார்கள் என்பதால் மற்ற சாவிகள் நன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது?* ரவுட்டர் வரை சீராக இருந்து, எந்த நேரத்திலும் வெளியே மட்டும் தடுமாறினால் இணைப்பு நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். காலை, மாலை, இரவு என்று பிங் திரையைப் படமெடுத்து வைத்திருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். கணினிப் பெட்டியின் இரும்பைத் தொட்டால் சுரீரென்று அடிக்கிறது என்றால் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு மின்பணியாளரை அழைத்து எர்த் இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் நீங்களாகக் கை வைக்கக் கூடாது.

அறிகுறி 2: உங்கள் ஹீரோ உங்களுக்குக் கிடைப்பதே இல்லை

எந்த விளையாட்டு என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது. கீழே தடை என்பது, ஆட்டம் தொடங்குமுன் ஒரு ஹீரோவை யாரும் எடுக்க முடியாதபடி விலக்கி வைப்பது.

*எதிரிகள் தடை செய்கிறார்கள்:* டோட்டா 2-இல் உங்கள் ஆட்ட வரலாறு பொதுவில் திறந்திருந்தால் நீங்கள் ஹஸ்கர் மட்டுமே ஆடுபவர் என்பதை வெளித் தளங்களில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். அமைப்புகளில் பொது ஆட்டத் தரவை வெளியிடும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதை அணைத்துவிடுங்கள், காசு செலவில்லை.

*தடை பொதுவானது:* லீக் ஆஃப் லெஜண்ட்ஸின் ரேங்க் ஆட்டத்தில் பத்துப் பேரும் ஆளுக்கொரு சாம்பியனை (அங்கே ஹீரோவுக்கு இதுதான் பெயர்) தடை செய்யலாம். அந்த வாரத்தில் உங்களுடைய சாம்பியன் வலுவாக இருந்தால் பத்தில் ஒன்று அவனாக இருக்கும். ஒளிந்துகொள்ள வழியில்லை, இரண்டாவது சாம்பியன் ஒருவன் வேண்டும். உங்கள் அணியினரே தடை செய்கிறார்கள் என்றால், யாரை எடுக்கப் போகிறீர்கள் என்பதைத் தேர்வுத் திரையில் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

*அணியில் வேறொருவர் முந்திக்கொள்கிறார்:* வேலரண்ட் ரேங்க் ஆட்டத்தில் ஓர் அணியில் ஒரு ஏஜென்டை (அங்கே பாத்திரத்தின் பெயர்) ஒருவர்தான் எடுக்க முடியும். ஜெட்டுக்குப் போட்டி அதிகம். முந்துவதில் சக்தியை வீணாக்காமல் ரேஸ் அல்லது நியான் ஒருவரைக் கையில் வைத்திருங்கள். மூவருமே முதலில் உள்ளே நுழையும் வேலைக்காரர்கள் என்பதால் கற்றது வீணாகாது.

தடையே இல்லாமல் ஒரே பாத்திரத்தோடு வாழ வேண்டும் என்பவர்களுக்கு ஒருவருக்கொருவர் மோதும் சண்டை விளையாட்டுகளே ஏற்ற இடம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் ரேங்க் புள்ளிகளே பாத்திரத்துக்குப் பாத்திரம் தனித்தனி.

அறிகுறி 3: எல்லோரையும் வெல்கிறீர்கள், ஓர் எதிரியிடம் மட்டும் தோற்கிறீர்கள்

ஹஸ்கரை எடுத்துக்கொள்வோம். அவனுக்கு உயிர் குறையக் குறையத் தாக்கும் வேகம் கூடும். சாவின் விளிம்பில் நின்றுகொண்டு உயிரை மீட்டுக்கொண்டே அடிப்பதுதான் அவன் ஆட்டம். எதிரணியில் ஏன்ஷியன்ட் அப்பரிஷன் வந்துவிட்டால் அவனுடைய ஐஸ் பிளாஸ்ட் பட்டவர் உயிரை மீட்டுக்கொள்ளவே முடியாது. உயிர் ஓர் அளவுக்குக் கீழே போனால் அப்படியே உடைந்து சாவார். ஹஸ்கரின் பலம் எதுவோ அதையே குறிவைக்கும் எதிரி இவன். இது உண்மையான முரண். உங்கள் திறமைக் குறைவு அல்ல.

செய்ய வேண்டியவை வரிசையாக: தடைக் கட்டத்தில் அவனையே தடை செய்யுங்கள். தடை கிடைக்காவிட்டால் ஹஸ்கரை முதல் சுற்றில் எடுக்காமல் கடைசிச் சுற்று வரை கையில் வைத்திருங்கள். கடைசிச் சுற்றில் எடுத்தால் அதைப் பார்த்துவிட்டு அவர்களால் பதில் தேட முடியாது. அப்படியும் அவன் வந்துவிட்டால் ஐஸ் பிளாஸ்ட் வீசப்பட்டுவிட்டது என்று தெரிந்த பிறகே சண்டைக்குள் நுழையுங்கள்.

இப்படி வெளிப்படையான முரண் எதுவும் இல்லாமலேயே ஓர் எதிரியிடம் தோற்கிறீர்களா? அப்படியென்றால் அந்த எதிரியை நீங்களே எடுத்து ஐந்து ஆட்டம் ஆடுங்கள். இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. ஒரே ஹீரோவை ஆடுபவர்களின் பெரிய குறை எதிரியின் திறன்களை அடிவாங்கும் பக்கத்திலிருந்து மட்டுமே அறிந்திருப்பதுதான். எதிரியின் திறன் எப்போது தீர்ந்திருக்கும், அவன் எப்போது பயப்படுவான் என்பதெல்லாம் அவனாக இருந்து பார்த்தால்தான் தெரியும். அந்த ஐந்து ஆட்டத்தைச் சாதாரண ஆட்டமாக ஆடுங்கள், ரேங்கில் வேண்டாம்.

டெக்கன் 8 ஆடுபவர்களுக்கு இன்னும் வசதி. தோற்ற ஆட்டத்தின் பதிவைத் திறந்து, அடிவாங்கிய அதே இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து நீங்களே ஆடிப் பார்க்கலாம். எதிரியின் அடியைத் தடுத்த பிறகு அவன் பத்துப் பிரேம் அல்லது அதற்கு மேல் பின்தங்கினால் உங்கள் பத்துப் பிரேம் குத்து நிச்சயம் விழும். அதை விட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருந்தீர்களா என்று அங்கே தெரிந்துவிடும்.

அறிகுறி 4: ரேங்க் ஒரே இடத்தில் நின்றுவிட்டது

அதிகம் பேர் வருவது இந்தக் குறையோடுதான். ஹீரோவை மாற்றச் சொல்லி மனம் அதிகம் தூண்டுவதும் இதில்தான்.

முதலில் காலத்தைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பள்ளி விடுமுறையும் அதோடு சேர்ந்து வருகிறது. அந்த நாள்களில் என் நிலையத்தில் நாற்காலி காலியாக இருக்காது. எப்போதாவது ஆடுபவர்களும் களத்தில் இறங்கிவிடுவார்கள், அணிகள் கலவையாக அமையும். அந்த 61 நாளின் ரேங்கை வைத்து ஹீரோவைத் தீர்ப்பிடாதீர்கள்.

காலம் காரணமில்லை என்றால் கையைச் சோதியுங்கள். டோட்டா 2-இல் கிரீப் எனப்படும் சிறு படைவீரர்கள் அலை அலையாகத் தானாக வருவார்கள். 30 விநாடிக்கு ஓர் அலை, அலைக்கு நான்கு கிரீப் என்று முதல் பத்து நிமிடத்தில் ஒரு பாதையில் 80 கிரீப் வரை வரும். எதிரியே இல்லாத தனி அறையில் பத்து நிமிடம் ஆடி எத்தனை கிரீப்களுக்குக் கடைசி அடி உங்களுடையது என்று எண்ணுங்கள். 60-ஐக் கூடத் தொடவில்லை என்றால் குறை கையில் இருக்கிறது. தினமும் முதல் ஆட்டத்துக்கு முன் இதைச் செய்யுங்கள், இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியும். 60-ஐத் தாண்டிவிட்டால் கை நன்றாக இருக்கிறது, அடுத்த சோதனைக்குப் போங்கள்.

தோற்ற ஆட்டங்களின் பதிவை எடுங்கள். நீங்கள் செத்த இடங்களை மட்டும் பார்த்து ஒரு தாளில் மூன்று பத்தியாகக் கோடிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தி: சாவியைத் தவறாக அழுத்தியதால் செத்தது. இரண்டாவது: எதிரி வருவதைப் பார்க்காததால் செத்தது. மூன்றாவது: அந்த இடத்தில் இருந்திருக்கவே கூடாது. பத்து ஆட்டம் போதும்.

முதல் பத்தி நீளமாக இருந்தால் அறிகுறி 1-க்குத் திரும்பிப் போய்ச் சாவியையும் கம்பியையும் பாருங்கள். நன்றாகப் பழகிய கை காரணமில்லாமல் இத்தனை முறை தவறாது.

இரண்டாவது நீளமாக இருந்தால் உங்களுக்கு நல்ல செய்தி. ஒரே ஹீரோவை ஆடுவதன் பெரிய லாபம் கை தானாக ஓடுவது. மிச்சமாகும் கவனம் வரைபடத்துக்குப் போக வேண்டும். உங்களிடம் அது இன்னும் ஹீரோவின் மேலேயே இருக்கிறது. ஒவ்வொரு கடைசி அடிக்குப் பிறகும் மூலையிலிருக்கும் சிறு வரைபடத்தை ஒரு பார்வை பாருங்கள். முதல் நாள்களில் கடைசி அடி குறையும், குறையட்டும்.

மூன்றாவது நீளமாக இருந்தால் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஏர்வாடிப் பக்கத்துத் தம்பி ஒருவன் தாளில் பெரும்பாலான சாவுகள் இந்தப் பத்தியில்தான் இருந்தன. பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். ஹஸ்கர் எதிரியின் கோபுரத்தடியில் பாதி உயிரோடு நிற்கிறான். வரைபடத்தில் எதிரணி ஐவரில் ஒருவரையும் காணோம். "ஏன் அங்கே நின்றாய் தம்பி?" என்று கேட்டேன். "உயிர் குறைந்தால்தானே காக்கா இவனுக்கு வேகம்" என்றான். ஹீரோவின் இயல்பைச் சரியாகத்தான் படித்திருக்கிறான். எந்த நேரத்தில் அந்த இயல்பு உதவும் என்பதுதான் மிச்சம். அவனுக்கு ஒரே ஒரு விதி எழுதிக் கொடுத்தேன்: எதிரிகளில் மூன்று பேர் வரைபடத்தில் தெரியாவிட்டால் களத்தின் நடுவே ஓடும் ஆற்றைக் கடக்கக் கூடாது. ஹஸ்கரை அவன் மாற்றவில்லை, ரேங்க் நகர்ந்தது.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது?* தாளில் குறிப்பது மூன்று வாரம் நடந்தும் பத்திகளின் நீளம் மாறவில்லை என்றால் ஒரு பயிற்சியாளருக்குக் காசு கொடுக்கலாம். உங்கள் ஹீரோவையே உங்களைவிட மேல் ரேங்கில் ஆடுபவராக இருக்க வேண்டும். மாதக் கட்டணம் வேண்டாம், இரண்டு ஆட்டப் பதிவைப் பார்த்துச் சொல்ல ஒரே ஓர் அமர்வு போதும். உங்கள் கணக்கை வாங்கி ரேங்க் ஏற்றித் தருகிறேன் என்று வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அது விளையாட்டு விதிகளுக்கு எதிரானது, கணக்கே முடங்கிப் போகலாம்.

அறிகுறி 5: பேட்ச் வந்த நாளிலிருந்து சரியில்லை

பேட்ச் என்பது நிறுவனம் விளையாட்டில் செய்து வெளியிடும் மாற்றம். அதன் குறிப்பைப் படியுங்கள். முழுவதையும் அல்ல, உங்கள் ஹீரோ, அவன் வாங்கும் பொருள்கள், அவனுக்கு முரணான இரண்டு எதிரிகள், இவ்வளவு போதும். பிறகு ஒரு கேள்வி: எண்கள் மாறினவா, ஆடும் முறையே மாறியதா?

எண்கள் மட்டும் என்றால் இருபது ஆட்டம் வரை எதையும் முடிவு செய்யாதீர்கள். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் போன்ற விளையாட்டுகளில் ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒரு பேட்ச் வருகிறது. இன்று எடுத்ததைப் பிறகு திருப்பிக் கொடுப்பதும் நடக்கும்.

முறையே மாறியது என்றால் பழைய கையை நம்பாதீர்கள். 2022 ஏப்ரலில் வேலரண்டின் 4.08 பேட்ச் ஜெட்டின் பாய்ச்சலை மாற்றியது. அதுவரை சாவியை அழுத்திய கணமே பாய்வாள். மாட்டிக்கொண்ட பிறகு தப்பிக்கலாம். அதன் பிறகு முதலில் பாய்ச்சலைத் தயார்படுத்த வேண்டும், தயாரான குறிப்பிட்ட நேரத்துக்குள் பாய வேண்டும். தவறு செய்துவிட்டுத் தப்பிக்கும் கருவியாக இருந்தது, யோசித்துவிட்டு நுழையும் கருவியாக மாறிவிட்டது. விட்டுப் போனவர்கள் பலர். கையைத் திருத்திக்கொண்டவர்கள் ஜெட்டோடு இன்றும் இருக்கிறார்கள். டோட்டா 2-இல் 2024 மேயில் வந்த 7.36 பேட்ச் ஒவ்வொரு ஹீரோவுக்கும் பிறவிக் குணம் ஒன்றைச் சேர்த்தது. அப்போது ஒரே ஹீரோவை ஆடியவர்கள் ஒருவனைப் பற்றிப் படித்தால் போதும் என்றிருந்தது. மற்றவர்களுக்கு 120-க்கும் மேல்.

அறிகுறி 6: அணியினர் திட்டுகிறார்கள்

திட்டுபவரின் குரலை அடைத்துவிட்டு ஆடுங்கள். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் ஹீரோவுக்குப் பொருந்தாத வேலைக்கு வரிசையில் நின்றீர்களா? அப்படியென்றால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். அணியாகப் போட்டியில் கலந்துகொள்ளும் எண்ணம் இருந்தால் ஒரே ஹீரோ போதாது. அங்கே எதிரணி உங்களைப் படித்துவிட்டு வரும்.

அறிகுறி 7: கை வலிக்கிறது, விரல் மரத்துப்போகிறது

ஒரே ஹீரோ என்றால் ஒரே அசைவு. அதே விரல், அதே மணிக்கட்டுத் திருப்பம். எந்த விரல் மரக்கிறது என்று பாருங்கள்.

சுண்டுவிரலும் அதை ஒட்டிய மோதிர விரலின் பாதியும் மரத்தால் முழங்கை மேசை விளிம்பில் அழுந்துகிறது. நாற்காலியை உயர்த்தி, விளிம்பில் துணியை மடித்து வையுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது. மணிக்கட்டை மேலே மடக்கி வைத்து ஆடுவதை நிறுத்தி, கையை நேராக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள்.

இரண்டு வாரத்தில் குறையவில்லை, இரவில் மரத்துப்போய் விழிக்கிறீர்கள், கட்டைவிரலால் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை, இவற்றில் ஒன்று இருந்தாலும் நரம்பியல் அல்லது எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் கேளுங்கள். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஆடவே கூடாது. வலிதான் உங்களை நிறுத்தச் சொல்கிறது.

தோற்றபின் தூக்கம் வராமல், வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்து, பள்ளிக்கோ வேலைக்கோ போகப் பிடிக்காமல் நாள்கள் போனால் அதுவும் உடம்பு சொல்லும் அறிகுறிதான். மனநல உதவிக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

அறிகுறி 8: எல்லாம் சரியாக இருக்கிறது, ஆடத்தான் பிடிக்கவில்லை

மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் முடிந்து, கம்பி நன்றாக இருந்து, கை நன்றாக இருந்து, வென்றும்கூட மகிழ்ச்சி இல்லை என்றால் அப்போது மாற்றுங்கள். இதற்குப் பரிசோதனை கிடையாது, உங்களுக்கே தெரியும்.

மாற்றும்போது பழைய ஹீரோவுக்கு அருகில் இருப்பவனைத் தேடுங்கள். அதே பாதை, அதே வேலை, முடிந்தால் முக்கியத் திறன் அதே சாவியில். முதல் வாரம் ரேங்க் ஆட்டம் வேண்டாம். தனி அறையில் கடைசி அடி 60-ஐத் தொட்ட பிறகு சாதாரண ஆட்டம், அதில் செத்த இடங்களை மூன்று பத்தியில் குறித்து முதல் பத்தி சுருங்கிய பிறகு ரேங்க். பழைய ஹீரோவின் சாவி அமைப்பை அழிக்காமல் தனியாகச் சேமித்து வையுங்கள். திரும்பி வருபவர்கள் நிறைய.